வண்டி ஓட்டத் தெரியாத போக்குவரத்து அமைச்சர்

நேயர்களுக்கு வணக்கம்.

ராத்திரி நேரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, வாய்க்கு நேரே ஒரு கருவியை நீட்டி, ‘ஊதுங்க’ என்கிறார் போலீஸ்காரர். நீங்கள் ஊதியிருக்காவிட்டாலும் முன்னால் நின்றவர் ஊதியதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் சோதனையை பிரிட்டன் சாலைகளுக்குக் கொண்டுவந்த அமைச்சர் பார்பரா காசில். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1945 தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் பிளாக்பர்னில் வென்றவர், 1979 வரை எம்.பி.யாகவே இருந்தார். 1964-இல் பிரதமர் ஹரால்டு வில்சன் அமைச்சரவையில் இடம் கிடைத்தது. மறு ஆண்டு டிசம்பரில் போக்குவரத்துத் துறை கைக்கு வந்தது.

1966-இல் மட்டும் பிரிட்டனில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 8000 பேர். குடித்துவிட்டு ஓட்டுவது அதற்கு முன்பும் குற்றம்தான். ஆனால் ஒருவர் போதையில் இருந்தார் என்று நிரூபிப்பது எப்படி? தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதன்மேல் நடக்கச் சொல்வார்கள். நிதானமாக நடக்கத் தெரிந்த குடிகாரர் தப்பித்துவிடுவார். காசில் கொண்டுவந்த சட்டத்தில் இந்த வித்தைக்கெல்லாம் இடமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், ஆள் தள்ளாடினாலும் தள்ளாடாவிட்டாலும் குற்றம். நம் நாட்டுச் சட்டத்தில் இந்த அளவு 30தான். ஏட்டளவில் நாம் அவர்களைவிடக் கறார். சாலையில் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைய கருவி இப்போது இருப்பதுபோல எண் காட்டும் மின்னணுக் கருவி அல்ல. ஒரு கண்ணாடிக் குழாய், அதன் முனையில் ஒரு பை. குழாய்க்குள் மஞ்சள் நிறத்தில் படிகங்கள். பை நிரம்பும்வரை ஊத வேண்டும். மஞ்சள் பச்சையாக மாறி, குறித்துவைத்த கோட்டையும் தாண்டினால் நேரே காவல் நிலையம்தான். அங்கே ரத்தமோ சிறுநீரோ எடுத்து உறுதி செய்வார்கள்.

மதுக்கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அமைச்சருக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. பெண், அதிலும் வண்டி ஓட்டத் தெரியாதவர், இவருக்கு இதில் என்ன தெரியும் என்றார்கள். பிபிசி பேட்டியிலேயே ஒருவர் இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டார்.

எனக்கு இந்த இடத்தில்தான் பேச்சு நீளும். வண்டி ஓட்டத் தெரியாததுதான் அந்தப் பதவிக்கு அவருடைய முதல் தகுதி என்பேன். சாலையைப் பற்றி முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். ‘ரெண்டு ரவுண்டுதானே, எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற சமாதானம் அங்கிருந்துதான் பிறக்கிறது. சாலையைக் கடக்க ஓரத்தில் காத்து நிற்பவருக்கு அந்தச் சமாதானம் எடுபடாது. காசில் அந்த ஓரத்தில் நின்று யோசித்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பாருங்கள்!

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. யாரை வேண்டுமானாலும் நிறுத்திச் சோதிக்கலாம் என்பதே அவருடைய முதல் திட்டம். எதிர்ப்பு பலமாக இருந்ததால் அதைக் கைவிட்டார். சந்தேகம் வந்தாலோ, விதியை மீறினாலோ, விபத்து நடந்தாலோ மட்டும் சோதிக்கலாம் என்றானது. 1967 அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் பன்னிரண்டு மாதங்களில் சாலைச் சாவுகள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன. தற்காலிகமாக வைத்திருந்த மணிக்கு 70 மைல் வேக வரம்பை நிரந்தரமாக்கியதும் அவர்தான்.

அப்புறம் 1968-இல் வேலைவாய்ப்புத் துறை. டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கைக்கு உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடையது குறைந்த திறனே போதும் என்ற வகை வேலை என்று நிர்வாகம் தரம் பிரித்திருந்தது. நம் வீட்டுத் தையல் மிஷினில் நேராக நாலு தையல் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். உறை இல்லாமல் கார் வெளியே போகாது, ஆலை முடங்கியது. காசில் அந்தப் பெண்களை அழைத்து, தேநீர் கொடுத்துப் பேசினார். ஆண்கள் கூலியில் 92 சதவீதம் என்று முடிவானது. மீதி 8 சதவீதம் எங்கே என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்கிறேன். 1970-இல் சம ஊதியச் சட்டத்தை அவரே கொண்டுவந்தார். முழுதாக அமலாக 1975 கடைசி வரை ஆனது.

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்த 1969-இல் அவர் போட்ட திட்டம் சொந்தக் கட்சியிலேயே, முக்கியமாக சக அமைச்சர் ஜேம்ஸ் காலகனால், முறிந்தது. அதை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பெல்லாம் எழுதி வந்தேன். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1975-இல், சமூக சேவைகள் அமைச்சராக, குழந்தைகளுக்கான உதவித்தொகை தாயின் கைக்கே போய்ச் சேரும்படி சட்டம் செய்தார். அந்தப் பணம் 1977-இல் தாய்மார்களின் கைக்கு வந்தபோது அவர் அமைச்சரில்லை. முந்தைய ஆண்டு பிரதமரான கையோடு காலகன் அவரை நீக்கிவிட்டார். நன்றி, வணக்கம்.