ஒரே செய்தி, நூறு தரம்

வணக்கம் நேயர்களே, கதைக்கக் கூப்பிட்டதுக்கு நிலையத்தாருக்கு நன்றி, நேரா விசயத்துக்கே வாறன்.

2025 பெப்ரவரி 19, கொழும்பு புதுக்கடை நீதிமன்றம். சட்டத்தரணி மாதிரி உடுத்திக்கொண்டு வந்த ஒருத்தன், வழக்குக்குக் கொண்டுவந்த ஆளை கோர்ட்டுக்குள்ளயே வச்சு சுட்டுப்போட்டான், துவக்கு உள்ள வந்தது நடுவில வெட்டியெடுத்த ஒரு புத்தகத்துக்குள்ள. கட்டாயம் சொல்லவேண்டிய செய்திதான், மறைக்கச் சொல்லி நான் கேக்கேல்ல. ஆனா இப்பிடி ஒண்டு நடந்தா எங்கட வீடுகளுக்கு அது எப்பிடி வருது எண்டு பாருங்க. முதல்ல போன்ல அலேர்ட், பிறகு பேஸ்புக்கில சிவப்பு வட்டம் போட்ட படம், இரவு எட்டு மணிச் செய்தியில பயங்கர மியூசிக்கோட அதே காட்சி நாலு தரம், விடிய பேப்பர்ல முன்பக்கம், இதுக்கிடையில குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில கனடாவில இருக்கிற மாமியும் அனுப்பி "பிள்ளைகளை வெளிய விடாதேங்கோ" எண்டுறா. நடந்தது ஒரு சம்பவம், மனசு அதை ஒண்டா எண்ணுறேல்ல.

அமெரிக்காவில ஜோர்ஜ் கெர்ப்னர் எண்ட பேராசிரியர் 1970களிலயே இதை ஆராய்ஞ்சவர், டீவி கூடப் பாக்கிற ஆக்கள்தான் உலகம் பொல்லாதது, ஆரையும் நம்பேலாது எண்டு கூட நினைக்கினம் எண்டு காட்டினவர். அங்க 1990களின்ர தொடக்கத்துக்குப் பிறகு வன்முறைக் குற்றம் கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சுபோச்சு, ஆனா கலப் கருத்துக்கணிப்பில அநேகமான வருசங்கள்ல பெரும்பாலான சனம் குற்றம் கூடிட்டுது எண்டுதான் சொல்லுது.

எங்கட நாட்டில வீதி விபத்தில மட்டும் வருசத்துக்கு 2,000க்கு மேல ஆக்கள் சாகினம், கொலையில சாகிறவையை விட எவ்வளவோ கூட. காலி வீதியில ரெண்டு பஸ் போட்டிக்கு ஓடேக்க அதில தொங்கிக்கொண்டு போற தம்பியை ஆரும் தடுக்கிறேல்ல, ஆனா வெள்ளவத்தையில ஆறரை மணிக்கு டியூஷன் முடியிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அம்மா ஒழுங்கை முகப்பில நிக்கிறா, அண்ணன்காரன் தனிய வருவான், தங்கச்சிக்கு இரவு கிளாஸே வேண்டாம் எண்டு நிப்பாட்டுறதும் நடக்குது. இதுதான் எனக்கு தாங்கேலாமல் இருக்கு, பயத்துக்கு விலை குடுக்கிறது பொம்பிளைப்பிள்ளையள். உலகத்தில கொல்லப்படுற பொம்பிளையள்ல பாதிக்கு மேல புருசனாலயோ குடும்பத்து ஆக்களாலயோதான் கொல்லப்படுகினம் எண்டு ஐநா கணக்கு சொல்லுது. நாங்கள் பயப்படுறதோ தெருவில நிக்கிற தெரியாத ஆளுக்கு.

அந்தப் பயம் சும்மாவும் இருக்காது. 2011 ஆகஸ்ட்டில கிறீஸ் பூதம், அதாவது உடம்பில கிறீஸ் பூசிக்கொண்டு இரவில பொம்பிளையளைத் தாக்கிற ஆள் திரியிறான் எண்டு ஊர் ஊரா கதை பரவினது ஞாபகமிருக்கும், சனம் இரவிரவா பொல்லோட காவல் நிண்டது, முகம் தெரியாத ஆக்களைப் பிடிச்சு அடிச்சது, புத்தளத்தில ஒரு பொலிஸ்காரரே கும்பல்ல உயிர் விட்டார். அப்ப வாட்ஸ்அப்கூட இப்ப மாதிரி எல்லார் கையிலயும் இல்ல.

செய்தி ஆசிரியர்மாரே, உங்களிட்ட நான் கேக்கிறது பெரிய விசயமில்ல. பழைய வீடியோவைத் திரும்பப் போடேக்க திகதியை பெரிசாப் போடுங்கோ. நாலு நாள் முன்பக்கம் குடுத்த கொலைக்கு ஆறு மாசம் கழிச்சு வழக்கு என்ன ஆச்சு, பிடிபட்டது ஆர், விடுதலையானது ஆர் எண்டு நாலு வரியாவது எழுதுங்கோ.