நஞ்சு வீட்டில் தங்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்து இடுக்கி மலையில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் குடியிருக்கிறவர்களும், விடியுமுன்னே கம்பத்திலும் போடியிலும் ஜீப் பிடித்து மலையேறி வருகிறவர்களும் கேட்க வேண்டும் என்றுதான் பூச்சிமருந்தையும் தற்கொலையையும் பற்றிப் பேச வந்தேன்.

தோட்டத் தொழிலாளர்க்கு வரிசையாகக் கட்டிய நம் லயத்து வீடு எப்படி இருக்கும்? ஒரே அறை, ஒட்டினாற்போல் அடுப்படி. ஏலத்துக்கு மருந்தடித்தது போக மிச்சமான பாட்டில், சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கும். அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறது.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு 7,20,000 பேருக்கு மேல் தற்கொலையில் சாகிறார்கள். நூற்றுக்கு 73 பேர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாட்டுக்காரர்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு இது மூன்றாவது பெரிய காரணம்.

இளம்பிள்ளைகளில் பலர் மாதக்கணக்கில் யோசித்து இதைச் செய்வதில்லை. ஒரு திட்டு, ஒரு மார்க்கு, ஒரு காதல் சண்டை. அந்த வேகத்தில் நடந்துவிடுகிறது. வேகம் தணிந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையில் சாவதில்லை. கைக்கெட்டும் இடத்தில் கடும் நஞ்சு இருந்தால் தணிவதற்கு நேரம் ஏது? மலைப்பாதையில் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இலங்கை 1995 முதல் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் விழவில்லை. கேரளமும் 2011இல் அப்படிப் பல மருந்துகளைத் தடுத்தது. அரசு செய்ய வேண்டியதில் முதன்மையானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நாம் செய்வதற்கும் உண்டு. வீட்டுக்குள் பூட்டி வைத்தால் போதுமே என்பீர்கள். இலங்கையில் வீடுவீடாகப் பூட்டுப்பெட்டி கொடுத்து ஆராய்ந்தார்கள், பலன் தெரியவில்லை. அதனால் மருந்து வீட்டுக்கே வரவேண்டாம். தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்கட்டும். சொந்தமாகக் கொஞ்சம் ஏலம் வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, குடியிருப்பைத் தள்ளி ஒரு கொட்டகை போட்டுப் பூட்டுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஊருக்குப் பொதுவான கிடங்கு கட்டியே பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளை சோறு வேண்டாம் என்கிறதா, யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறதா? பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே புத்தி சொல்லாதீர்கள். பரீட்சையில் தவறினால் கேரளத்தில் "சே" (SAY) என்கிற மறுபரீட்சை, தமிழ்நாட்டில் துணைத்தேர்வு; எழுதித் தேறினால் வருஷம் வீணாகாது. இதை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், போலீஸ் கேஸாகிவிடுமோ என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நிமிஷம்கூடத் தயங்க வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது.

ஒரு எண் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. பயந்துபோன அம்மாவும் அப்பாவும் கூப்பிடலாம்.