நடுவர் ஷரத்து இருந்தால் மட்டும் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 'தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார், இடம் சென்னை' என்று ஒரு ஷரத்து இருக்கும். அது இருந்துவிட்டால் எந்த வழக்கும் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் விசாரணைக்குப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது.

வரப்போகும் தீர்ப்பு கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுமா, ஊரையே கட்டுமா? முதலில் இதைக் கேளுங்கள். 2011இல் பூஸ் ஆலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது. குற்ற வழக்கு, விவாகரத்து, மைனருக்குக் காப்பாளர் நியமனம், திவால், உயிலுக்கு ப்ரொபேட் (உயில் செல்லும் என்ற கோர்ட் சான்று) இவை ஊரையே கட்டுபவை; இவற்றில் நடுவருக்கு வேலையில்லை. கட்டட கான்ட்ராக்டரின் பில் பாக்கி, பார்ட்னர்ஷிப் கணக்கு, சரக்கின் தரம் போன்றவை தாராளமாகப் போகலாம்.

சிக்கல் இடையில் இருப்பவற்றில்தான். அம்பத்தூரில் ஒருவர் பட்டறையை அடமானம் வைத்துத் தனியாரிடம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பாக்கியைக் கொடு' என்பது இருவருக்குள் உள்ள கணக்கு, நடுவர் விசாரிக்கலாம். 'பட்டறையை விற்று வசூலித்துக் கொடு' என்றால், அதன்மேல் பாத்தியதை உள்ள மற்றவர்களும் வந்துவிடுகிறார்கள், சிவில் கோர்ட்தான். அவர் கொடுத்த செக் திரும்பியிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவுக் குற்ற வழக்கு மாஜிஸ்திரேட்டிடம், பணக் கணக்கு நடுவரிடம். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

வாடகைக்கு வருவோம். சொத்து மாற்றுச் சட்டத்தின்கீழ் வரும் குத்தகைத் தகராறு நடுவரிடம் போகலாம், தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் உள்ளவை போகா என்று 2020இல் வித்யா டிரோலியா தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டில் நமக்கு 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் வரும் கடையைக் காலி செய்யச் சொல்ல வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

இடம் மாறிப் போனால் செலவு பெரிது. இரு தரப்பும் சம்மதித்தே நடத்தியிருந்தாலும், நடுவர் தொடக்கூடாத விஷயம் என்றால் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34ஆவது பிரிவில் தீர்ப்பு ரத்தாகும். நடுவருக்குக் கட்டிய ஃபீஸ் திரும்பாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு; அதுதான் அதிகம். நடுவரிடம் போகவேண்டியதை ஒருவர் சிட்டி சிவில் கோர்ட்டில் போட்டுவிடுகிறார். வழக்கை நடுவரிடம் அனுப்பக் கேட்கும் மனுவை, அதே சட்டத்தின் 8ஆவது பிரிவில், பிரதிவாதி வழக்கின் சாராம்சம் பற்றிய தன் முதல் எதிருரையைத் தாக்கல் செய்யும் நாளுக்குள் போட்டாக வேண்டும். எதிருரையை முதலில் கொடுத்து, ஆறு மாதம் வாய்தா வாங்கிவிட்டு ஷரத்தை நீட்டினால் எடுபடாது. மனுவோடு ஒப்பந்தத்தின் அசலோ சான்றிட்ட நகலோ வேண்டும். வெறும் ஜெராக்ஸ் போதாது. ஒப்பந்தம் எதிர்த்தரப்பிடம் மாட்டிக்கொண்டிருந்தால், கொண்டுவர உத்தரவிடும்படி கோர்ட்டையே கேட்கலாம்.