இட்டெர்பி என்ற பெயருக்கு என்ன பொருள்?

வணக்கம். தனிமங்களின் பெயர்களைப் பற்றிய காணொலியைப் பார்த்த நேயர் ஒருவர், "நான்கு தனிமங்களுக்குப் பெயர் கொடுத்ததாகச் சொன்னீர்களே, சுவீடனில் உள்ள அந்த இட்டெர்பி கிராமத்தின் பெயருக்கு என்ன பொருள்? அபூர்வமான கல் கிடைத்ததால் வந்த பெயரா?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை. அந்தக் கல் அடையாளம் காணப்படுவதற்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்தது. சுவீடிய மொழியில் 'இட்டெர்' என்றால் வெளிப்புறத்தில் உள்ளது, 'பி' என்றால் கிராமம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'வெளியூர்' என்றுதான் வரும். ஆனால் நாம் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லும் பொருளில் அல்ல, வெளி ஓரமாக அமைந்த ஊர் என்ற பொருளில். இங்கிலாந்தின் டெர்பி, விட்பி ஆகிய ஊர்ப்பெயர்களின் கடைசியில் இருப்பதும் ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் கொண்டுபோன இதே 'பி'தான். இவ்வளவு சாதாரணமான பெயர் என்பதாலேயே சுவீடனின் மேற்குக் கரையில், குங்கெல்வ் நகருக்கு அருகிலும் ஓர் இட்டெர்பி இருக்கிறது. இணையத்தில் தேடுகிறவர்கள் பலர் அங்கே போய் நின்றுவிடுகிறார்கள்.

நாம் பேசும் இட்டெர்பி, ஸ்டாக்ஹோமுக்கு வடகிழக்கே, வாக்ஸ்ஹோம் நகராட்சியைச் சேர்ந்த ரெசாரோ தீவில் உள்ளது. இரும்பு உருக்குவதற்குக் குவார்ட்ஸும் பிற்பாடு பீங்கான் செய்வதற்கு ஃபெல்ட்ஸ்பாரும் வெட்டியெடுத்த அந்தச் சுரங்கத்தில், 1787ஆம் ஆண்டு கார்ல் ஆக்செல் அர்ரேனியஸ் என்ற ராணுவ அதிகாரி, கரியைப் போலக் கறுத்து, கையில் எடுத்தால் எதிர்பாராத அளவு கனக்கும் கல் ஒன்றைக் கண்டு, அதில் டங்ஸ்டன் இருக்கலாம் என்று எண்ணினார். (பாடப்புத்தகத்தில் வரும் ஸ்வாந்தே அர்ரேனியஸ் இவர் அல்ல, அவர் அடுத்த நூற்றாண்டுக்காரர்.) பின்லாந்தின் துர்க்கு நகரில் பணியாற்றிய வேதியியலாளர் யோஹான் கடோலின் 1794இல் அந்தக் கல்லைப் பகுத்தாய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத ஒரு 'மண்' இருப்பதாக அறிவித்தார், ஆக்சைடுகளை, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் தனிமங்களை, அக்காலத்தவர் அப்படித்தான் அழைத்தார்கள். 1797இல் சுவீடிய வேதியியலாளர் ஆண்டர்ஸ் ஏக்கெபர்க் அதற்கு ஊர்ப்பெயரைச் சுருக்கி 'இட்ரியா' என்று பெயரிட்டார்.

உண்மையில் அது ஒரே பொருள் அன்று. வேதிப் பண்புகளில் இரட்டையர்களைப் போல ஒத்திருக்கும் பல தனிமங்களின் ஆக்சைடுகள் அதில் கலந்திருந்தன. 1843இல் கார்ல் குஸ்டாஃப் மொசாண்டர் அதிலிருந்து மேலும் இரண்டைப் பிரித்தபோது, புதிய பெயருக்கு அலையாமல், அதே ஊர்ப்பெயரின் தலையை நறுக்கி டெர்பியா என்றும், இன்னும் கொஞ்சம் நறுக்கி எர்பியா என்றும் வைத்தார். எனக்கு இது சற்றுச் சோம்பேறித்தனமாகவே படுகிறது. அதற்கான தண்டனையும் கிடைத்தது. பின்வந்த வேதியியலாளர்கள் இந்த இரண்டு பெயர்களையும் குழப்பிக்கொண்டதால், மொசாண்டர் டெர்பியா என்றது இன்று எர்பியா, அவர் எர்பியா என்றது இன்று டெர்பியா. 1878இல் ஜெனீவாவில் மரிஞாக் பிரித்தெடுத்த நான்காவதற்கு, நறுக்க எதுவும் மிச்சமில்லாததாலோ என்னவோ, முழுப்பெயரும் வந்து இட்டெர்பியம் ஆயிற்று. 'இட்ரியா' போல முடிபவை ஆக்சைடுகளின் பெயர்கள், 'இட்ரியம்' போல முடிபவை அவற்றிலுள்ள தனிமங்களின் பெயர்கள். ஆக இட்ரியம் 39, டெர்பியம் 65, எர்பியம் 68, இட்டெர்பியம் 70 என்ற அணு எண்களில் அந்த ஓரத்து ஊர் உட்கார்ந்திருக்கிறது.

சுரங்கம் 1933இல் மூடப்பட்டது. இப்போது பெயர் எதிர்த்திசையில் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கிராமத்தில் டெர்பியத்தின் பெயரில் ஒரு தெருவும், அங்கேயே கிடைத்த தாதுவிலும் ஏக்கெபர்க் கண்ட டாண்டலத்தின் பெயரில் இன்னொரு தெருவும் உள்ளன.