தேதி நகராது, செலவு நகரும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, பன்னாட்டு விளையாட்டு விழாவை ஏற்று நடத்துவது ஒரு நாட்டுக்குப் பெருமையா, சுமையா என்னும் வழக்கில், சுமையே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தொடக்க விழாவின் வாணவேடிக்கையை வருணித்த அழகுக்கு நானும் கைதட்டினேன். ஆனால் வாணம் அணைந்த பின் வரும் கணக்கைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஆண்மகன் பிள்ளை பெற முடியாததைப் போலவே ஒலிம்பிக்கில் பற்றாக்குறையும் ஏற்பட முடியாது என்றார் கனடாவின் மாண்ட்ரியல் நகர மேயர் ழான் டிராப்போ. 1976-இல் போட்டிகள் நடந்தன. அரங்கின் கோபுரம் 1987-இல்தான் கட்டி முடிந்தது. புகையிலைக்குத் தனி வரி போட்டும் கடன் தீர 2006 ஆயிற்று. விழாவின்போது தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது!

இது ஒரு மேயரின் பிழையன்று, ஏற்பாட்டிலேயே உள்ள பிழை. பாலம் கட்டும் அரசு, செலவு கைமீறினால் பணியைத் தள்ளிப்போடலாம். தொடக்க விழா நாளையோ, உலகையே முடக்கிய பெருந்தொற்று வந்தாலன்றித் தள்ள முடியாது என்பதை ஒப்பந்தக்காரர் நன்கறிவார். தேதி நகராதபோது விலைதான் நகரும். துண்டு விழும் தொகைக்கு நடத்துபவரே பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டிருப்பார்.

லாஸ் ஏஞ்சலிஸ் 1984-இல் உபரி ஈட்டியதே என்பார்கள். உண்மை. ஆனால் நடத்தும் உரிமை கேட்ட தெஹ்ரான் விலகியதால் போட்டியிட வேறு நகரமே இல்லாத நிலையில், நட்டத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அந்நகரம் அடம்பிடித்து வென்றது. முதன்மை அரங்கும் 1923-லேயே திறக்கப்பட்டது. அது எங்கள் அணியின் சாட்சி, நடுவர் அவர்களே!

2018 ஆசிய விளையாட்டுப் போட்டியை வியட்நாம் 2014-லேயே திருப்பிக் கொடுத்தது. 2026 காமன்வெல்த் போட்டியைக் கைவிட்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், நடத்தாமல் இருப்பதற்கே 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுத்தது. பெருமையை விட்டு விலக எவரேனும் பணம் கட்டுவார்களா?

1976 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் உரிமையைப் பெற்றிருந்த அமெரிக்காவின் டென்வரில், 1972-இல் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். நிதி தர முடியாது என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். விழா நின்றுபோகவில்லை. 1964-இல் ஒருமுறை நடத்தி, அரங்குகளைத் தயாராக வைத்திருந்த ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் அது நடந்தது.