பல்லுக்கும் வயதாகும்

அனைவருக்கும் வணக்கம்.

"வயசாயிடுச்சு, பல்லு விழத்தானே செய்யும்?" பல் மருத்துவர் எவரும் ஒரு வாரத்தில் பலமுறை கேட்கிற வாக்கியம் இது. கேள்வி மாதிரி இருந்தாலும், சொல்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை; முடிவு கட்டிவிட்டுத்தான் சொல்கிறார். அந்த முடிவின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை நம்பித்தான் எத்தனையோ பெரியவர்கள், காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களைக் கைவிடுகிறார்கள். பல்லுக்கு வயதாவது உண்மை. ஆனால் வயது மட்டுமே காரணமாகப் பல் விழுவதில்லை. விழ வைப்பது ஈறு நோய், சொத்தை, அடிபடுவது போன்றவை. வயது என்ன செய்கிறது, நோய் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதி எனாமல். அதற்கு உள்ளே, பல்லின் பெரும்பகுதியாக இருப்பது டென்டின். நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கிற பற்கூழ். வேரின் மேல் மெல்லிய படலமாக இருப்பது சிமென்டம். இந்த நான்கும் ஒரே வாயில், ஒரே பல்லில் இருந்தாலும் நான்குக்கும் ஒரே விதமாக வயதாவதில்லை.

எனாமலில் தொடங்கலாம். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்பு. அதைக் கட்டிய செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால் எனாமலுக்குள் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. தேய்ந்தால் உடம்பு புதிதாகக் கட்டித் தராது. ஆறு, ஏழு வயதில் முளைத்த வெட்டுப்பல்லின் எனாமலைத்தான் எண்பது வயதிலும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வயதுக் குழந்தையின் புது முன்பல்லை உற்றுப் பாருங்கள். கடிக்கும் விளிம்பில் மூன்று சின்ன மேடுகள் இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் மேற்பரப்பில் மெல்லிய குறுக்குக் கோடுகளும் தெரியும். சில ஆண்டுகளில் மேடுகள் தேய்ந்து விளிம்பு நேராகிவிடும். கோடுகள் மறையக் கொஞ்சம் அதிகக் காலம் ஆகும். நடுவயதில் பல் பரப்பு வழவழப்பாகி, மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல்கள் தோன்றும். அந்த விரிசல்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை எனாமலோடு நின்றுவிடுபவை.

உயிரில்லாத பொருள் என்றாலும் எனாமல் சும்மா கிடப்பதில்லை. உமிழ்நீரோடு அதற்கு ஓயாத கொடுக்கல் வாங்கல் உண்டு. உமிழ்நீரிலிருந்து கால்சியம், பாஸ்பேட், ஃபுளோரைடு ஆகியவை அதன் மேற்பரப்பில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால் புதிதாக முளைத்த பல்லைவிட, வாயில் பல ஆண்டு இருந்த பல்லின் மேற்பரப்பு அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். அதே சமயம் அதற்கு நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. வயது இங்கே ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது.

வயதானால் பல் மஞ்சளாவது ஏன் என்று பலருக்குக் கவலை. அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்க்கிறார்கள். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். அதற்கு அடியில் இருக்கிற டென்டினின் இயல்பான நிறமே மஞ்சள். வயதாக ஆக எனாமல் மெலிகிறது, டென்டினோ தடித்து இன்னும் அடர்நிறமாகிறது. ஆக, நாம் பார்ப்பது உள்ளே இருக்கிற நிறத்தை. அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கிற எனாமலும் போய், மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரியும். இதைத் தெரிந்துகொண்டாலே பல பேருடைய பல் பிழைக்கும்.

சரி, டென்டினுக்கு வருகிறேன். பல்லின் முதுமை என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. எடையில் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் புரதம், அதிலும் பெரும்பங்கு கொலாஜன், மீதி தண்ணீர். பற்கூழின் ஓரத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இதன் வழியே ஓடுகின்றன. பற்கூழுக்குப் பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒவ்வொன்றின் அகலமும் ஓரிரு மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தத் திரவம் நகர்ந்து, உள் முனையில் இருக்கிற நரம்பைத் தூண்டுகிறது. பல் கூச்சத்துக்கு இதுதான் காரணம் என்று ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் விளக்கினார். இன்றும் பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகிற விளக்கம் அதுதான்.

டென்டினைக் கட்டுகிற செல்கள், எனாமல் செல்களைப் போல அழிந்துவிடுவதில்லை. பற்கூழின் சுவரை ஒட்டி வரிசையாக இருந்து, பல் உயிரோடு இருக்கும் வரை வேலை செய்கின்றன. வேர் முழுமையாக வளர்ந்த பிறகும் மிக மெதுவாக உட்சுவரில் டென்டினைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. பல்லின் வெளி அளவு மாறாது என்பதால், சுவர் தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கிற பற்கூழ் அறை சுருங்கும். இருபது வயதுக்காரரின் கடைவாய்ப் பல்லை எக்ஸ்ரேயில் பார்த்தால் நடுவே அகலமான அறை தெரியும். எழுபது வயதில் அதே இடத்தில் ஒரு கீற்றுதான் இருக்கும். சிலருக்கு அதுவும் தெரியாது. இது நோயே இல்லை. அந்தச் செல்கள் விடாமல் செய்த வேலையின் விளைவு.

பல் தேய்ந்தாலோ, சொத்தை மெல்ல உள்ளே நகர்ந்தாலோ, தாக்கப்படும் இடத்துக்கு நேர் எதிரே அவசரமாகக் கூடுதல் டென்டினையும் இந்தச் செல்கள் கட்டும். பல ஆண்டு கடித்துத் தேய்ந்து, எனாமலே இல்லாமல் தட்டையாகிவிட்ட கடைவாய்ப் பல் வலியில்லாமல் இருப்பதற்குக் காரணம் இந்தத் தடுப்புச் சுவர்தான். பல்லைக் கல் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாவது மாற்றம் நுண்குழாய்களுக்குள் நடக்கிறது. வயதாக ஆக அவற்றின் உட்புறத்தில் தாது படிந்து குழாய் அடைபடுகிறது. இது வேர் நுனியில் தொடங்கி மெல்ல மேல்நோக்கி ஏறும். அடைபட்ட பகுதி, எண்ணெய் பட்ட காகிதம் போல வெளிச்சத்தை ஊடுருவ விடும். ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்த குழாய்கள் நிரம்பிவிடுவதுதான் காரணம். இதனால் ஒரு நன்மை உண்டு: கிருமியின் நச்சும் அமிலமும் உள்ளே போகும் பாதை குறுகுகிறது, பல் கூச்சமும் குறைகிறது. பாதிப்பும் உண்டு. கொலாஜன் இழைகளுக்கு இடையே காலப்போக்கில் சர்க்கரை மூலக்கூறுகளால் கூடுதல் பிணைப்புகள் உருவாகி அவை விறைக்கின்றன. இளம் டென்டின் விசை வந்தால் சற்று வளைந்து தாங்கும். முதிய டென்டின் அப்படி வளைந்து கொடுக்காது. ஏற்கெனவே பெரிய அடைப்பு வைத்த பல், கடினமான எதையோ கடித்ததும் பாதியாகப் பிளந்துவிட்டது என்று வயதானவர்கள் வருவது இதனால்தான்.

பற்கூழில் செல்கள் குறைகின்றன, நார் கூடுகிறது, ரத்தக்குழாய்களும் நரம்பிழைகளும் குறைகின்றன. சிலருக்கு உள்ளேயே சின்னச் சின்னக் கற்கள் உருவாகும். சிமென்டமோ வாழ்நாள் முழுக்கத் தடித்துக்கொண்டே போகும். சிறுவயதில் இருந்ததைப் போல முதுமையில் சுமார் மூன்று மடங்கு ஆகிவிடும். வேர் நுனியில்தான் அதிகம் படியும். மேலே தேய்கிற பல் மெல்ல மெல்ல வெளியே எழுந்து எதிர்ப்பல்லைத் தொட்டுக்கொண்டிருக்க அதுவும் உதவுகிறது.

இத்தனை மாற்றமும் ஓர் ஒழுங்கில் நடப்பதால், பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கலாம் அல்லவா? 1950-ல் ஸ்வீடனின் கோஸ்டா குஸ்டாஃப்சன் இதை ஒரு முறையாக வகுத்தார். மேற்பரப்புத் தேய்மானம், ஈறும் அதைப் பிடித்திருக்கும் திசுவும் கீழிறங்கியது, உட்புற டென்டின் படிவு, சிமென்டம் தடிப்பு, வேர் கரைதல், வேரின் ஒளி ஊடுருவும் தன்மை என்று ஆறு மாற்றங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுத்தார். அடையாளம் தெரியாத உடல்களின் வயதைக் கணிக்கத் தடயவியலில் அது வழி திறந்தது. ஆறில் மிகவும் நம்பகமானது வேரின் ஒளி ஊடுருவும் தன்மை என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தேய்மானம் உணவையும் பழக்கத்தையும் பொறுத்தது, ஈறு இறங்குவது நோயைப் பொறுத்தது. எலும்புக்குள் புதைந்திருக்கும் வேர் நுனிக்கு அந்தத் தொந்தரவுகள் குறைவு.

பிறகு வேதியியலும் கை கொடுத்தது. எலும்பு தன்னை உடைத்து உடைத்துப் புதுப்பித்துக்கொள்ளும். டென்டின் அப்படிச் செய்யாது. ஒருமுறை படிந்தது அங்கேயே இருக்கும். அதிலுள்ள அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம், ஒரு வடிவத்திலிருந்து அதன் கண்ணாடி பிம்ப வடிவத்துக்கு மிக மெதுவாக, கணிக்கக்கூடிய வேகத்தில் மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். 1970-களின் நடுவில் ஹெல்ஃப்மன், பாடா என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைப் பல்லில் செய்து காட்டினார்கள். எனாமல் வேறொரு கணக்கை வைத்திருக்கிறது. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை திறந்தவெளியில் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு வெகுவாக உயர்ந்தது. அப்புறம் படிப்படியாக இறங்கியது. எனாமல் உருவான ஆண்டில் காற்றிலிருந்த அளவு உணவு வழியாக வந்து அதில் பதிந்துவிடுகிறது. செல்களே இல்லாததால் பிறகு மாறுவதில்லை. 2005-ல் ஸ்பால்டிங் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை வைத்து ஒருவர் பிறந்த ஆண்டை சராசரியாக ஒன்றரை ஆண்டுச் சொச்சம் பிழையோடு கணித்தார்கள். குண்டு வெடித்த காலத்தின் சுவடு, உலகத்தின் எந்த மூலையில் பிறந்த குழந்தையின் பல்லிலும் இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இவ்வளவு நேரம் சொன்ன மாற்றங்களில் பல, வலியைக் குறைப்பவை. குழாய்கள் அடைபடுகின்றன, சுவர் தடிக்கிறது, நரம்பிழைகள் குறைகின்றன. இருபது வயதில் சொத்தை உள்ளே இறங்கினால் பல் கூசும், குத்தும், தூங்க விடாது. அந்த வலியே நம்மை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போகும். எழுபதில் அதே சொத்தை சத்தமில்லாமல் பற்கூழ் வரை போய்விடலாம். "வலிக்கலையே டாக்டர், எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்கும் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே வலித்திருக்காது. வலிக்கிற நிலைக்கு வந்து சேரும்போது வேர் சிகிச்சை செய்யலாம் என்றால், வேருக்குள் பற்கூழ் இருக்கிற கால்வாய் மயிரிழையாகச் சுருங்கியிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. செய்ய முடியாது என்பதில்லை. நேரமும் பொறுமையும் அதிகம் வேண்டும்.

முதுமையின் சொத்தைக்கு இடமும் வேறு. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்துவிட்டால் அங்கே எனாமல் கிடையாது. அமிலத்தைக் காட்டும் அளவு பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் கூடும். எனாமல் கரையத் தொடங்க வாயின் பி.எச். சுமார் 5.5 வரை இறங்க வேண்டும். வேர்ப் பரப்புக்கு அவ்வளவு அமிலம் தேவையில்லை. 6-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். இதோடு உமிழ்நீர் வறட்சியும் சேர்ந்தால் வேர்கள் வரிசையாகச் சொத்தையாகும். வாய் வறண்டு போவதை வயதின் இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை போன்றவற்றுக்குச் சாப்பிடும் மருந்துகளின் பக்கவிளைவு. மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் "வாய் வறள்கிறது" என்று சொல்ல வேண்டும். மாற்ற முடிந்தால் அவர் மாற்றித் தருவார்.

என்ன செய்யலாம்? மென்மையான தூரிகை, ஃபுளோரைடு உள்ள பற்பசை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சாதாரணப் பற்பசையில் பொதுவாக 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்கும். வேர்ச் சொத்தை வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு 5000 பி.பி.எம். கொண்ட பற்பசையை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவில் அணியும் கவசம் செய்துகொள்ளலாம். வலி இருக்கோ இல்லையோ, குறிப்பிட்ட இடைவெளியில் பல்லைக் காட்டிவிட வேண்டும். இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் வாயைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

படுக்கையில் இருக்கும் பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர்கள் இங்கே இருந்தால், உங்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களால் வலியை உணரவோ, உணர்ந்தாலும் சொல்லவோ முடியாமல் போகலாம். வாரத்துக்கு ஒரு முறை கைவிளக்கை எடுத்து, உதட்டை மெல்ல விலக்கி, பல்லும் ஈறும் சேரும் கோட்டைப் பாருங்கள். அந்த இடத்தில் மங்கலான பழுப்புப் படலம் இருந்தால் அந்தச் சொத்தை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். கருத்து, பளபளப்பாக இருந்தால் பல நேரங்களில் அது நின்றுபோன சொத்தை. அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். எது எது என்று சந்தேகமாக இருந்தால் நீங்களே குத்திப் பார்க்க வேண்டாம், மருத்துவர் தொட்டுப் பார்த்து மிருதுவா கெட்டியா என்று சொல்லிவிடுவார்.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். வணக்கம்.