கிண்டிக் காட்டின் கதவு மூடியே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"சென்னைக்கு நடுவே இருக்கும் கிண்டிக் காட்டை மக்கள் நடமாட்டத்துக்குத் திறந்துவிட வேண்டுமா, மூடியே வைக்க வேண்டுமா?" இதுதான் தலைப்பு. மூடியே இருக்கட்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் உருக்கமாகத்தான் பேசினார். காற்று வாங்க இடமில்லாமல் தவிக்கிற ஊரில் ஒரு காட்டை வைத்துக்கொண்டு அதற்குச் சுற்றுச்சுவர் எதற்கு என்று கேட்டார். நடைபாதை போடுங்கள், சைக்கிள் பாதை போடுங்கள், பெரியவர்கள் காலையில் நடக்கட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும், பார்த்தால்தானே பாசம் வரும் என்றார். கைதட்டலும் கிடைத்தது. அந்த ஆசையில் தப்பே இல்லை. சர்தார் படேல் சாலையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, சுவருக்கு மேலே தலை நீட்டும் மரங்களைப் பார்த்து நானும் ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் காட்டின் பழைய கதையை அவர் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அவருடைய வாதம் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும்.

கிண்டிக் காட்டின் கதையே பொழுதுபோக்கில்தான் தொடங்குகிறது. 1670களில் வில்லியம் லாங்ஹார்ன் என்ற ஆங்கிலேயர் மதராஸ் ஆளுநராக இருந்தபோது, காட்டில் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமாக்கி, ஓய்வெடுக்க ஒரு மாளிகை கட்டினார்கள். மிச்சக் காடு கில்பர்ட் ரோடரிக்ஸ் என்ற ஆங்கிலேயரின் சொத்தாக இருந்தது. 1821இல் அரசு அதை 35,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டையாட வைத்திருந்த அந்தக் காடு 1910இல் காப்புக்காடு ஆனது. அப்போதைய பரப்பு 505 ஹெக்டேர். இந்த எண்ணை மட்டும் அவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நாடு விடுதலை பெற்றது. அப்புறம்தான் காடு கரையத் தொடங்கியது. 1958இல் ஐஐடிக்காக ஒரு பெரும்பகுதி போனது. அதே ஆண்டு, நேரு விரும்பிக் கேட்டதால், மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. எழுபதுகளில் ராஜாஜிக்கு ஒரு நினைவாலயம், காமராஜருக்கு ஒரு நினைவாலயம். 1961க்கும் 1977க்கும் இடையில் மட்டும் பல அரசுத் துறைகளுக்குக் கைமாறியது 170 ஹெக்டேருக்கும் மேல்.

இதில் எதைக் குறை சொல்வது? பிள்ளைகள் படிக்க வேண்டாமா? ராஜாஜிக்கும் காமராஜருக்கும் மணிமண்டபம் வேண்டாமா? குழந்தைகளுக்கு மான் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? எல்லாமே வேண்டியவைதான். நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கிண்டிக் காட்டில் மரக்கடத்தல்காரன் யாரும் கை வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல காரியத்துக்காகத்தான் எடுத்தார்கள். நல்ல காரியம் என்பதாலேயே யாருக்கும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியிருந்தது 270 ஹெக்டேர். பாதிக்குக் கொஞ்சம் மேலே. எண்பதுகளின் கடைசியில் சுவர் எழும்பியது. இன்றைக்கும் அதே 270 ஹெக்டேர் இருக்கிறதென்றால் அந்தச் சட்டமும் சுவரும்தான் காரணம். எதிரணி கேட்கும் நடைபாதையும் நல்ல காரியம்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு பாதைதானே, காடா குறைந்துவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 270 ஹெக்டேர் என்பது 2.7 சதுர கிலோமீட்டர். சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 1.6 கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். நட்டநடுவில் ஒரே ஒரு பாதை போடுங்கள். ஒருபுறம் பாதை, மறுபுறம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வாகன இரைச்சல். உள்ளே இருக்கிற ஒரு விலங்கு எங்கே போய் நின்றாலும் மனிதனை விட்டு சுமார் 400 மீட்டருக்கு மேல் விலக முடியாது.

அந்த விலங்கு எது என்று தெரிந்தால் இந்த 400 மீட்டரின் அருமை புரியும். கிண்டியில் வெளிமான் இருக்கிறது. கிடாவுக்கு முறுக்கிவிட்ட கொம்பு, கருத்த முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பேரிலேயே வெளி இருக்கிறது பாருங்கள்; அடர்காடு அதற்கு ஆகாது, புல்வெளி வேண்டும். தூரத்தில் வருவதைக் கண்ணால் பார்த்து, ஓடித் தப்பிக்கிற பிராணி அது. ஓட இடம் இல்லையென்றால் அதற்கு வேறு ஆயுதம் கிடையாது. தாய்மான் குட்டி போட்டதும் அதைப் புல்லுக்குள் மறைவாகப் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும். ஆபத்து வந்தால் அந்தப் பச்சைக்குட்டி ஓடாது, அசையாமல் கிடக்கும். பாதையை விட்டு நாலடி இறங்கிச் செல்ஃபி எடுக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. திறந்த கதவு வழியாக உள்ளே வரும் தெருநாய்க்கு நன்றாகத் தெரியும். ஊருக்குள் மனிதரோடு ஒட்டி வாழ்ந்த புள்ளிமான்கள் செத்து, வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இருந்த செய்தியைச் சென்னை எத்தனையோ முறை படித்திருக்கிறதே!

மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் மக்கள் நடக்கவில்லையா என்று எதிரணித் தலைவர் கேட்டார். நடக்கிறார்கள், கன்ஹேரி குகைகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தக் காடு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். கூட்டம் போகிற பகுதி போக, சிறுத்தை நடமாட இன்னும் காடு மிச்சமிருக்கிறது. நம்மிடம் இருப்பது 2.7. அதிலும் பங்கு கேட்டால் எப்படி?

பார்த்தால்தான் பாசம் வரும் என்றார்களே, அதற்கு வருகிறேன். நம் சனங்களுக்குக் கோயில்காடு தெரியும். உள்ளே அய்யனார் இருப்பார். திருவிழாவுக்குப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள். மற்ற நாளில் ஒரு சுள்ளி ஒடிக்கமாட்டார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி அப்படி ஒரு காடு இன்னும் நிற்கிறது. கிண்டியில் இருக்கிற அதே வகைக் காடு: உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட நிலத்திலும் ஆண்டு முழுக்கப் பச்சை மாறாமல் நிற்கிற காடு. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் பரந்து கிடந்தது, இப்போது அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் பலவற்றைக் காப்பாற்றியது நம் பாட்டன் பூட்டன் வைத்த கட்டுப்பாடு. அவர்களுக்குக் காட்டின் மேல் பாசம் இல்லை என்று எதிரணியால் சொல்ல முடியுமா?

சட்டம் அனுமதிக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஒளித்துப் பேச மாட்டேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வு, புகைப்படம், சுற்றுலா ஆகியவற்றுக்காகத் தேசியப் பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு தரலாம் என்கிறது. மாணவர்கள் சிறு குழுவாக, வனத்துறை ஆள் ஒருவர் கூட வர, சத்தமில்லாமல் போய் வரட்டும். எங்கள் அணிக்கு அதில் மறுப்பே இல்லை. அனுமதி வாங்கிப் போவது வேறு, டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டமாகப் புகுவது வேறு.

அப்படியானால் சென்னைக்காரன் எங்கேதான் போவது? கிண்டியிலேயே சிறுவர் பூங்கா இருக்கிறது, பக்கத்தில் பாம்புப் பண்ணை இருக்கிறது. 1985இல் வண்டலூருக்கு மாறிய உயிரியல் பூங்கா இருக்கிறது. கதீட்ரல் சாலையில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா இருக்கிறது. இவை போதாது என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். இந்த ஊருக்கு இன்னும் நிறையப் பூங்கா வேண்டும். வார்டுக்கு ஒன்று கேளுங்கள், நாங்களும் கூட வந்து கொடி பிடிக்கிறோம். நடைபாதையை எந்தக் காலியிடத்திலும் போடலாம், மரத்தையும் நடலாம். களாவும் சூரையும் வேம்பும் பனையும் தானே முளைத்துப் பின்னிக் கிடக்கிற மண்ணை எந்த ஒப்பந்தக்காரராலும் போட்டுத்தர முடியாது.

மணி அடித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் பேசவரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியோடு இறங்குகிறேன். கிண்டியின் வரைபடத்தை நடுவர் மேசையில் விரியுங்கள். உங்கள் பாதை எந்த வாசலில் நுழைந்து எந்தப் புல்வெளியைத் தாண்டிப் போகும் என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெளிமான் குட்டி போட எத்தனை மீட்டர் விடுகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.